ஒரு வரி வாய்பாடும் 14 எம்.இ.வி. நியூட்ரானும்

வேகமான நியூட்ரான் ஒன்று அணுக்கருவில் மோதினால் அங்கிருந்து புரோட்டான் வெளியே வர எவ்வளவு வாய்ப்பு என்று யாராவது கேட்டால், பெரிய நிரல் எதையும் ஓடவிடுவதற்கு முன் நான் ஒரு வரிக் கணக்கைத்தான் போட்டுப் பார்ப்பேன். சாதாரண கால்குலேட்டர் போதும். உள்ளே கொடுக்க வேண்டியவை இரண்டே எண்கள்: அணுக்கருவில் எத்தனை புரோட்டான், எத்தனை நியூட்ரான். வெளியே வரும் விடை பல சமயம் அளவீட்டிலிருந்து பத்து இருபது சதவீதம்தான் தள்ளி நிற்கும். இது எப்படிச் சாத்தியம், எங்கே காலை வாரும், இதே மாதிரி வாய்பாடுகள் ஏன் டஜன் கணக்கில் வந்துகொண்டே இருக்கின்றன என்பதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

புதிதாக வருபவர்களுக்காகக் கொஞ்சம் அடிப்படை. அணுக்கரு வினை நடக்கும் வாய்ப்பை ஒரு பரப்பளவாகச் சொல்வது வழக்கம். அதுதான் குறுக்குவெட்டுப் பரப்பு. அதன் அலகு பார்ன்: ஒரு சதுர செ.மீ.யை 10²⁴ பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்கு. இங்கே பேசப்போவதெல்லாம் பெரும்பாலும் மில்லிபார்னில், அதாவது அதிலும் ஆயிரத்தில் ஒரு பங்கில். நியூட்ரான் உள்ளே போய்ப் புரோட்டான் வெளியே வந்தால் அதை என்-பி வினை என்போம். ஆல்ஃபா துகள் (ஹீலியத்தின் அணுக்கரு) வந்தால் என்-ஆல்ஃபா, இரண்டு நியூட்ரான் வந்தால் என்-டூ-என்.

ஏன் குறிப்பாக 14 எம்.இ.வி., அதாவது 14 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்? ஹைட்ரஜனின் கனமான ஐசோடோப்புகளான டியூட்டீரியமும் டிரிட்டியமும் இணையும்போது வெளிப்படும் 17.6 எம்.இ.வி. ஆற்றலில் 3.5 ஹீலியத்துக்குப் போகிறது, மீதி 14.1 நியூட்ரானுக்கு. நாளைக்கு அணுக்கரு இணைவு உலை என்று ஒன்று ஓடினால் அதன் சுவரை இடைவிடாமல் தாக்கப்போவது இந்த நியூட்ரான்தான். என்-பி வினையால் எஃகுக்குள் ஹைட்ரஜன் சேரும். என்-ஆல்ஃபா வினையால் ஹீலியம் சேரும். ஹீலியம் உலோகத்தில் கரையாது. குமிழியாகத் திரண்டு, படிக மணிகளின் எல்லையில் உட்கார்ந்து எஃகை நொறுங்க வைக்கும். இது போதாதென்று புதிய கதிரியக்க ஐசோடோப்புகளும் உருவாகும். இத்தனையையும் முன்கூட்டியே கணக்கிட வேண்டுமென்றால் குறுக்குவெட்டுப் பரப்புகள் கையில் இருக்க வேண்டும்.

இன்னொரு காரணம், சொல்லப்போனால் இன்னும் சாதாரணமான காரணம்: இந்த ஆற்றலில் நியூட்ரான் தயாரிப்பது சுலபம். டிரிட்டியம் ஏற்றிய டைட்டானியத் தகட்டின்மேல் நூறு, இருநூறு கிலோ எலக்ட்ரான் வோல்ட் டியூட்டீரானை (டியூட்டீரியத்தின் அணுக்கருவை) பாய்ச்சினாலே போதும். 1950களிலிருந்து உலகெங்கும் சின்னச் சின்ன ஆய்வகங்கள்கூட இதைச் செய்துவந்திருக்கின்றன. அதனால்தான் 14, 15 எம்.இ.வி. பக்கத்தில் அளவீடுகள் குவிந்து கிடக்கின்றன. 10 எம்.இ.வி.யில் என்ன ஆகிறது என்று தேடினால் பல ஐசோடோப்புகளுக்கு வெறிச்சோடிக் கிடக்கும். வாய்பாடுகள் அளவீடு எங்கே நிறைய இருக்கிறதோ அங்கேதான் பிறக்கும்.

1953இல் கனடாவில் பால், கிளார்க் என்ற இரு இயற்பியலாளர்கள் 14.5 எம்.இ.வி.யில் வரிசையாகப் பல தனிமங்களை அளந்து வெளியிட்டார்கள். கனமான அணுக்கருக்களில் என்-பி வினை அன்றைய புள்ளியியல் கோட்பாடு சொன்னதைவிட எக்கச்சக்கமாக அதிகம் வந்தது. 1960களின் தொடக்கத்தில் கார்ட்னர் இந்த எண்களுக்குள் ஒழுங்கைத் தேடினார். ஒரே தனிமத்தின் ஐசோடோப்புகளை வரிசையாக வைத்தால், நியூட்ரான் கூடக் கூட என்-பி வினை மடமடவென்று குறைகிறது என்பது தெளிவானது. அதே காலகட்டத்தில் சோவியத் நாட்டின் லெவ்கோவ்ஸ்கி இதை ஒரே வரிக்குள் அடக்கினார். நியூட்ரான் எண்ணிக்கையிலிருந்து புரோட்டான் எண்ணிக்கையைக் கழித்து நிறை எண்ணால் (இரண்டின் கூட்டுத்தொகையால்) வகுங்கள். இதற்குச் சமச்சீரின்மை என்று பெயர் வைத்துக்கொள்வோம். அப்புறம்:

என்-பி பரப்பு (மில்லிபார்னில்) = 45.2 × (நிறை எண்ணின் கனமூலம் + 1)² × எக்ஸ்பொனென்ஷியல் (−33 × சமச்சீரின்மை)

அவ்வளவுதான். (எக்ஸ்பொனென்ஷியல் என்பது 2.718 என்ற எண்ணை அடைப்புக்குள் இருப்பதன் அடுக்குக்கு உயர்த்துவது.) என்-ஆல்ஃபா வேண்டுமென்றால் 45.2க்குப் பதில் 18.1.

இரும்பு-56ஐ எடுத்துப் போட்டுப் பார்க்கலாம். 26 புரோட்டான், 30 நியூட்ரான். சமச்சீரின்மை 4/56, அதாவது 0.0714. 56இன் கனமூலம் 3.826, ஒன்றைக் கூட்டி வர்க்கம் எடுத்தால் 23.3. அதை 45.2ஆல் பெருக்கினால் 1053. எக்ஸ்பொனென்ஷியல் பகுதி 0.0947. விடை 100 மில்லிபார்ன். அளவீடு 110ஐ ஒட்டி இருக்கிறது. இரும்பு-54க்கு அதே கணக்கு 304 தரும். அளவீடும் 300 பக்கம்தான். இரண்டே இரண்டு நியூட்ரான் கூடியதும் வினை மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. டைட்டானியம்-48க்கு வாய்பாடு 62 சொல்கிறது, அளவீடு அறுபதைச் சுற்றி. நிக்கல்-58க்கு 344 சொல்கிறது, அதுவும் அளவீட்டுக்குப் பக்கத்தில்தான். முதல் தடவை இதைப் போட்டுப் பார்க்கும் எவருக்கும் ஏதோ கண்கட்டு வித்தை போலத்தான் இருக்கும்.

கண்கட்டு வித்தை ஒன்றும் இல்லை. அந்த 45.2ஐப் பாருங்கள். அணுக்கருவின் ஆரம் நிறை எண்ணின் கனமூலத்தை 1.2 ஃபெர்மியால் (ஒரு ஃபெர்மி 10⁻¹³ செ.மீ.) பெருக்கியது என்று பாடப்புத்தகம் சொல்லும். பை (π) மடங்கு 1.2இன் வர்க்கம் 4.52 சதுர ஃபெர்மி, ஒரு சதுர ஃபெர்மி 10 மில்லிபார்ன், ஆக 45.2. அணுக்கருவின் வெறும் வட்டப் பரப்பு அது. சரி, கனமூலத்தோடு ஏன் ஒன்றைக் கூட்ட வேண்டும்? நியூட்ரானுக்கும் அலைத்தன்மை உண்டு. 14 எம்.இ.வி.யில் அதன் அலைநீளத்தை இரண்டு பையால் வகுத்தால் 1.2 ஃபெர்மி வருகிறது. அதாவது அணுக்கரு ஆரத்தின் அலகும் நியூட்ரானின் அகலமும் இந்த ஆற்றலில் தற்செயலாக ஒன்றாகிவிட்டன. அதனால் ‘கூட்டல் 1’ என்று அழகாக எழுத முடிகிறது. 5 எம்.இ.வி. நியூட்ரானுக்கு இந்த அழகு கிடைக்காது.

எக்ஸ்பொனென்ஷியல் எங்கிருந்து வந்தது என்பது இன்னும் சுவாரசியம். உள்ளே போன நியூட்ரானின் ஆற்றல் எல்லா நியூக்ளியான்களுக்கும் (புரோட்டான், நியூட்ரான் இரண்டுக்கும் பொதுப்பெயர்) பகிர்ந்து, அணுக்கரு சூடேறி, பிறகு ஏதோ ஒரு துகளை ஆவியாக்கி வெளியே விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நியூட்ரானும் புரோட்டானும் போட்டி போடும். புரோட்டான் மின் விலக்கத் தடையைத் தாண்ட வேண்டும். நியூட்ரானுக்கு அந்தத் தொல்லை இல்லை. அதோடு, எது எவ்வளவு இறுக்கமாகப் பிணைந்திருக்கிறது என்பதும் முக்கியம். ஜெர்மானிய இயற்பியலாளர் வைசாக்கர் 1935இல் தந்த, அணுக்கருவின் பிணைப்பைக் கணக்கிடும் நிறை வாய்பாட்டில் சமச்சீரின்மை உறுப்பு ஒன்று உண்டு. உபரி நியூட்ரான்கள் கூடினால் புரோட்டான் இறுகும், நியூட்ரான் தளரும். இந்த வித்தியாசம் சமச்சீரின்மைக்கு நேர்விகிதத்தில் போகிறது. கெழு ஏறத்தாழ 92 எம்.இ.வி. (23ஐ நாலால் பெருக்கியது). இதை அணுக்கருவின் வெப்பநிலையால் வகுத்தால் எக்ஸ்பொனென்ஷியலுக்குள் வரும் எண் கிடைக்கும்.

இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 14 எம்.இ.வி. நியூட்ரானை விழுங்கிய நடுத்தர அணுக்கருவின் வெப்பநிலை சுமார் ஒன்றரை எம்.இ.வி. அப்படியானால் அந்த எண் அறுபதை ஒட்டி வர வேண்டும். ஆனால் அளவீடுகளோடு பொருத்திப் பெற்ற எண் 33, கிட்டத்தட்டப் பாதி! அதாவது வாய்பாட்டின் வடிவம் கோட்பாட்டிலிருந்து வந்தது. ஆனால் சரிவு எவ்வளவு செங்குத்து என்பதைக் கோட்பாடு சொல்லவில்லை, அளவீடுதான் சொல்கிறது. காரணங்கள் பல. நிலையான அணுக்கருக்களின் வரிசையில் புரோட்டான் எண்ணிக்கை ஏற ஏறச் சமச்சீரின்மையும் கூடவே ஏறுகிறது; எனவே மின் விலக்கத்தின் விளைவும் அந்த ஒரே எண்ணுக்குள் கலந்துவிடுகிறது. அதைவிட முக்கியம், எல்லாப் புரோட்டானும் அணுக்கரு சூடேறி ஆறும்வரை காத்திருப்பதில்லை. சில, முதல் ஓரிரு மோதலிலேயே வெளியே பாய்ந்துவிடும். 1966இல் கிரிஃபின் முன்வைத்த, மோதல்களைப் படிப்படியாகப் பின்தொடரும் ‘எக்ஸிடான் மாதிரி’ என்ற கணக்குமுறை இதற்குத்தான் வழிசெய்தது. சமநிலைக்கு முந்திய இந்த உமிழ்வு, கன அணுக்கருக்களில் ஆவியாதல் அறவே அடைபட்டுப்போன இடத்திலும் கொஞ்சம் புரோட்டானை வெளியே விடுகிறது. பாலும் கிளார்க்கும் கண்ட அந்த மிகைக்கும் இதுவே பெரும்பாலான விளக்கம். ஆக 33 என்ற எண்ணுக்குள் இரண்டு வெவ்வேறு இயற்பியல் ஒளிந்திருக்கிறது. வாய்பாடு அதைப் பற்றி வாயே திறப்பதில்லை.

முன் பகுதியும் முழு யோக்கியம் இல்லை. இரும்பு-56க்கு 1053 மில்லிபார்ன் என்று வந்ததே, உண்மையில் 14 எம்.இ.வி.யில் இரும்பின் மீட்சியற்ற மொத்தப் பரப்பு (நியூட்ரான் வெறுமனே சிதறிப் போவது தவிர மற்ற எல்லா வினைகளும் சேர்ந்தது) 1.4 பார்னை ஒட்டியது. ஒரு பக்கக் குறையை இன்னொரு பக்க மிகை சரிக்கட்டுகிறது. அனுபவ வாய்பாடு என்றால் இதெல்லாம் சகஜம்தான். ஆனால் யாராவது 45.2ஐயும் 33ஐயும் தனித்தனியாகப் பிரித்தெடுத்து, இதுதான் ஆரம், இதுதான் வெப்பநிலை என்று பொருள் சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

இனி காலை வாரும் இடங்கள். அலுமினியம்-27ஐப் போடுங்கள். கனமூலம் சரியாக 3, கணக்கு மனத்திலேயே வரும்: 723ஐ 0.295ஆல் பெருக்கினால் 213 மில்லிபார்ன். அளவீடு எழுபதைச் சுற்றி. மூன்று மடங்கு பிசகு! அதுமட்டுமல்ல, வாய்பாட்டின்படி என்-ஆல்ஃபா எப்போதும் என்-பியில் 40 சதவீதமாக இருக்க வேண்டும். இரும்பு-56க்கு அது ஓரளவு பொருந்துகிறது. அலுமினியத்தில் தலைகீழ்: என்-ஆல்ஃபா 114 அளவில் இருந்துகொண்டு என்-பியை முந்துகிறது. லேசான அணுக்கருக்களில் ஒவ்வொரு ஆற்றல் மட்டத்துக்கும் தனிக்குணம் உண்டு. 27 துகள்களை வைத்துக்கொண்டு சராசரி பேசினால் எடுபடாது. நிறை எண் நாற்பதுக்குக் கீழே இந்த வாய்பாட்டைக் கொண்டுபோகக் கூடாது.

என்-டூ-என் வினைக்கும் இதே பாணியில் வாய்பாடுகள் உண்டு. அங்கே போக்கு எதிர்த்திசையில்: உபரி நியூட்ரான் கூடினால் வினையும் கூடி, ஈயம் போன்றவற்றில் 2 பார்னைத் தாண்டிச் சமன்படும். கன அணுக்கருக்களில் பிரச்சினை இல்லை. நிக்கல்-58இல்தான் சிக்கல். வினை தொடங்கக் குறைந்தபட்சம் வேண்டிய ஆற்றலே அங்கே 12.4 எம்.இ.வி. 14.5இல் வெறும் 30 மில்லிபார்ன் சொச்சம், அதுவும் செங்குத்தாக ஏறிக்கொண்டிருக்கும் இடம். நியூட்ரான் ஆற்றல் கால் எம்.இ.வி. மாறினால் எண் மாறிவிடும். அங்கே சமச்சீரின்மையை மட்டும் வைத்துப் பொருத்துவது வீண்வேலை.

இப்போது எனக்குப் பிடிக்காத பகுதிக்கு வருகிறேன். லெவ்கோவ்ஸ்கிக்குப் பிறகு இந்த வாய்பாட்டைத் திருத்தியவர்கள் ஏராளம். 1986இல் பிரிட்டனின் ஹார்வெல் அணு ஆய்வகத்தில் ஃபாரஸ்ட் செய்ததுபோல உறுப்புகளைச் சேர்த்துத் தரவு நூலகத் தேவைக்காகப் பொருத்தியவை உருப்படியான வேலை. இரட்டைப்படை, ஒற்றைப்படை அணுக்கருக்களைத் தனித்தனியாகப் பிரித்ததற்கும் நியாயம் இருக்கிறது: துகள்கள் ஜோடி சேர்வதால் பிணைப்பாற்றல் உண்மையிலேயே மாறுகிறது. ஆனால் ஐந்து, ஆறு கெழு வைத்து, கை-வர்க்கம் (வாய்பாடு அளவீடுகளிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று காட்டும் எண்) சற்றே குறைந்துவிட்டது என்று அறிவிக்கும் கட்டுரைகள் இன்றைக்கும் வந்துகொண்டே இருக்கின்றன. சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம். கெழுக்கள் கூடியதும் வாய்பாடு அணுக்கருவைப் பொருத்துவதை விட்டுவிட்டு அளவீடுகளின் பிழைகளைப் பொருத்தத் தொடங்கிவிடும். நூறு புள்ளிகளில் எண்பதை வைத்துப் பொருத்தி, மிச்ச இருபதைக் கணித்துக் காட்டுங்கள் என்று கேட்டால் பல வாய்பாடுகள் அங்கேயே படுத்துவிடும். அந்தச் சோதனையைச் செய்து காட்டும் கட்டுரைகள் குறைவு.

அளவீடுகளின் பிழை என்று சும்மா சொல்லவில்லை. எக்ஸ்ஃபோர் என்ற பன்னாட்டுத் தரவுத்தொகுப்பில் ஏதாவது ஒரு வினையைத் திறந்து, 1950களில் தொடங்கி எல்லாப் புள்ளிகளையும் ஒரே வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். ஒரே ஐசோடோப்பு, ஒரே ஆற்றல், ஆனால் மதிப்புகள் இரண்டு மடங்கு விலகி நிற்பது அபூர்வமில்லை. ஏன் என்பதற்கு ஓர் உதாரணம். இரும்புத் தகட்டில் என்-பி வினை நடந்தால் மாங்கனீசு-56 உருவாகும். அதன் அரைவாழ்வு 2.58 மணி, காமா கோடு 847 கிலோ எலக்ட்ரான் வோல்ட். தகட்டை அலுமினியத் தாளில் சுற்றி வைத்திருந்தால், அலுமினியத்தில் நடக்கும் என்-பி வினையால் மக்னீசியம்-27 உருவாகும். அதன் கோடு 844. மூன்றே கிலோ எலக்ட்ரான் வோல்ட் வித்தியாசம்! நல்ல ஜெர்மானியம் கண்டறிவான் இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும். அந்தக்காலத்து சோடியம் அயோடைடு கண்டறிவானில் இரண்டும் ஒரே மேடுதான். மக்னீசியம்-27இன் அரைவாழ்வு ஒன்பதரை நிமிடம் என்பதால் ஒன்றரை மணி நேரம் பொறுத்தால் அது ஏறத்தாழ எழுநூறில் ஒரு பங்காகிவிடும். மாங்கனீசு மூன்றில் இரண்டு பங்கு அப்படியே இருக்கும். பொறுத்தார்களா, உறையைக் கழற்றினார்களா என்பது பழைய ஒற்றைப் பக்கக் கட்டுரைகள் பலவற்றில் எழுதப்பட்டிருக்காது.

இன்னும் உண்டு. இயற்கை டைட்டானியத்தை வைத்து டைட்டானியம்-46இன் என்-பியை அளக்கப் போனால், டைட்டானியம்-47 நியூட்ரானையும் புரோட்டானையும் சேர்த்து உதிர்த்து அதே ஸ்காண்டியம்-46ஐத் தந்து நிற்கும். எது எங்கிருந்து வந்தது என்று பார்த்துச் சொல்ல வழியில்லை. அப்புறம் நியூட்ரான் எத்தனை விழுந்தது என்பதை நேரடியாக எண்ணாமல், பக்கத்தில் ஓர் அலுமினியத் தகட்டை வைத்து அதன் என்-ஆல்ஃபா வினையோடு ஒப்பிடுவது வழக்கம். அந்த ஒப்பீட்டு மதிப்பு திருத்தப்பட்டால் அதை நம்பி அளந்த அத்தனையையும் திருத்த வேண்டும். இவை எதையும் பார்க்காமல் எக்ஸ்ஃபோரிலிருந்து எண்களை அள்ளிக்கொண்டு வந்து ஆறு கெழுவைப் பொருத்தினால் என்ன கிடைக்கும்?

இதனால்தான் இரண்டே கெழு கொண்ட பழைய வடிவத்தை நான் விடாமல் வைத்திருக்கிறேன். அதற்கு வளைந்துகொடுக்கத் தெரியாது. ஒரு புள்ளி அந்தக் கோட்டிலிருந்து மூன்று மடங்கு விலகி நின்றால் ஒன்று அங்கே இயற்பியல் ஏதோ இருக்கிறது, இல்லையென்றால் அளவீட்டில் கோளாறு. எப்படியானாலும் தேடிப் பார்க்கத் தகுந்தது. 20, 28, 50 என்ற மாய எண்கள் (புரோட்டானோ நியூட்ரானோ இந்த எண்ணிக்கையில் இருந்தால் அணுக்கருவின் ஒரு கூடு நிறைந்துவிடும்) பக்கத்தில் விலகல்கள் கூட்டமாக வந்தால் அது கூடு அமைப்பின் விளைவா என்று பார்க்கலாம். தனியாக ஒன்று துருத்திக்கொண்டு நின்றால் மூலக் கட்டுரையை எடுத்து, எந்தக் கண்டறிவான், எந்தத் தகடு, எந்த ஐசோடோப்பை எண்ணினார்கள் என்று படிக்க வேண்டும். வளைந்துகொடுக்கும் வாய்பாடு இந்த விலகல்களையெல்லாம் வழித்துத் துடைத்துவிடும்.

டாலிஸ், எம்பயர் போன்ற அணுக்கரு வினைக் கணிப்பு நிரல்கள் வந்தபிறகு இந்த வாய்பாடுகள் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆற்றலோடு வினை எப்படி மாறுகிறது என்ற முழு வளைவையும் அவை தரும். வாய்பாடு ஒரே ஒரு புள்ளியைத்தான் தரும். ஆனால் அந்த நிரல்களிலும் மட்ட அடர்த்தி (ஆற்றல் மட்டங்கள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன), ஒளியியல் நிலையாற்றல் (வரும் துகளை அணுக்கரு எப்படி இழுக்கிறது, விழுங்குகிறது) என்று திருக வேண்டிய குமிழ்கள் ஏராளம். அளவீடே இல்லாத இடத்தில் அவற்றை எதை வைத்துத் திருகுவது? கதிரியக்கமாதலைக் கணக்கிட ஐரோப்பாவில் தொகுத்த ஈ.ஏ.எஃப். நூலகத்தில் 800க்கும் மேற்பட்ட இலக்கு ஐசோடோப்புகளும் 60,000க்கும் மேற்பட்ட வினைகளும் உள்ளன. நிலையான ஐசோடோப்புகளே மொத்தம் 250 சொச்சம்தான். மிச்ச இலக்குகளில் பெரும்பாலானவற்றைத் தகடாக்கி நியூட்ரான் முன்னால் வைக்க முடியாது. அந்த நூலகத்தில் அளவீடு இல்லாத பல வினைகளில், நிரல் தந்த வளைவை 14.5 எம்.இ.வி.யில் வாய்பாட்டின் மதிப்போடு ஒட்டவைத்தார்கள்.

இரும்பு-55 இதற்கு நல்ல உதாரணம். எஃகுச் சுவரில் இரும்பு-56இன் என்-டூ-என் வினையால் அது நிறையவே உருவாகும்; அரைவாழ்வு 2.7 ஆண்டு. அதன் என்-பி வினையும் சுவரில் சேரும் ஹைட்ரஜன் கணக்கில் வரும். ஆனால் இரும்பு-55ஐ இலக்காக்கி நேரடியாக அளப்பது பெரும்பாடு. மும்பையில் உள்ள பெல்லட்ரான் முடுக்கியில் சுற்றுவழியில் போனார்கள். 2016இல் முடிவு வெளியானது. குரோமியம்-52இன்மேல் லித்தியம்-6ஐப் பாய்ச்சி, டியூட்டீரான் வெளியேறும் நிகழ்வுகளை மட்டும் பொறுக்கினால், மிஞ்சுவது கிளர்ந்த இரும்பு-56. நியூட்ரானை விழுங்கிய இரும்பு-55உம் அதேதான். அது புரோட்டானை விடும் வாய்ப்பை அளந்து, தெரிந்த இன்னொரு வினையோடு ஒப்பிட்டு, பரப்பைக் கண்டார்கள். லெவ்கோவ்ஸ்கி வாய்பாடு இரும்பு-55க்கு 172 மில்லிபார்ன் தருகிறது. இரும்பு-54இன் 304க்கும் இரும்பு-56இன் 100க்கும் நடுவே, எதிர்பார்த்த இடத்தில். ஒற்றைப்படை நியூட்ரான் ஒன்று கூடுதலாக இருப்பதை அது கண்டுகொள்வதில்லை. எனவே அந்த 172ஐ நான் ஒரு தொடக்கப் புள்ளியாக மட்டும் எடுத்துக்கொண்டு, நிரலின் வளைவை அதன்மேல் வைத்துப் பார்ப்பேன். இரண்டும் ஒன்றரை மடங்குக்குள் ஒத்துப்போனால் மேலே போவேன். போகாவிட்டால் முதலில் சந்தேகப்படுவது மட்ட அடர்த்தியைத்தான்.